அணில் துப்பாக்கிகளும் ஒரு பூசணியும்

உலகம் ஒருநாள் குலையும் என்பதில் வெண்டெல் ஸ்டாம்பருக்கு எள்ளளவும் ஐயமில்லை. மின்சாரம் அறும், கடைகள் வெறுமையாகும், கென்டக்கி மலையிடுக்கில் கிடக்கும் அவர்கள் ஊருக்கு வரும் ஒற்றைச் சாலையில் எவனெவனோ ஏறி வருவான். அந்நாளுக்கென அவன் ஈட்டி வைத்தது பொன்னன்று, அணில் சுடும் சிறு துப்பாக்கிகள். விலை மலிவு, தோட்டா அதனினும் மலிவு. எவர் வீட்டு மூலையில் அப்படியொன்று தூசு படிந்து கிடந்தாலும் மோப்பம் பிடித்துச் சென்று வாங்கிவிடுவான். நெருக்கடி வரும்போது வீட்டுக்கு ஒன்றாக வழங்கி, ஊராரின் அச்சம் தீர்த்து நிற்பது அவன் கனவு.

சென்ற இலையுதிர்காலத்தில் ஒன்பது சேர்ந்தன. தந்தை விட்டுச்சென்றதையும் சேர்த்து, எல்லாவற்றுக்கும் கொழுப்பெண்ணெய் பூசி, தடித்த பிளாஸ்டிக் குழாயில் அடைத்து, கொல்லையில் ஆழப் புதைத்தான். வரைபடம் எழுதவில்லை, வரைபடம் பகைவன் கைக்குப் போகும். மனைவி டெல்ஃபாவிடமும் இடத்தைச் சொல்லவில்லை.

"தெரியாதத யாரும் உங்கிட்டருந்து கறக்க முடியாது பாரு" என்றான்.

"எங்கிட்ட வந்து கறக்குறவனுக்கு மொதல்ல சோளரொட்டி கெடைக்கும், அப்புறம் வாணலியால அடி கெடைக்கும்" என்றாள் அவள்.

பகைவன் உலோகங்காணும் கருவியோடு வந்தால்? அதற்கும் வழி கண்டான். ஒரு வாளி நிறையத் துருப்பிடித்த ஆணிகளையும் சோடாமூடிகளையும் கொல்லையெங்கும் விதைத்தான். உழவன் விதைத்தால் பயிராகும். வெண்டெல் விதைத்தது வினையாயிற்று.

கோடை கழியும் வேளையில் நெருக்கடி வந்தே விட்டது. சாலை வழியே அன்று, மண் வழியே. பூனையினும் பெரிதாய்க் கொழுத்து, வளை தோண்டி வாழும் கிரவுண்ட்ஹாக் ஒன்று டெல்ஃபாவின் பூசணிக் கொடியில் பல் வைத்தது. அந்தப் பூசணியோ எளிய காயன்று. சினைப்பசு படுத்தாற்போலக் கொல்லையில் பொன்னிறமாய்க் கிடந்தது. பெரிய பூசணிக்குப் பரிசு தரும் ஊர்க் கண்காட்சிக்கு இன்னும் ஒரு வாரமே இருந்தது. மூன்றாண்டுகளாக முதற்பரிசின் நீலப்பட்டையைக் கொண்டுபோகும் வெர்பினா டாக்கெட், ஆண்டுதோறும் தேவாலய வாசலில் டெல்ஃபாவின் கையைத் தட்டிக்கொடுத்து, "சின்னதுன்னாலும் உன்னோடது லட்சணமா இருக்குடி" என்பாள். அந்தத் தட்டலை இன்னொரு முறை தாங்க டெல்ஃபாவின் கையில் வலுவில்லை.

"வெண்டெல்! தாய்க்கொடியக் கடிச்சிட்டா காய் போச்சு. ஒலகம் அழியுற நாளைக்குத்தான் அந்தத் துப்பாக்கியெல்லாம் வெளிய வருமா? எம் பூசணி அழிஞ்சா வராதா?"

"இதோ" என்று மண்வெட்டியோடு எழுந்தவன், கொல்லைநடுவே திகைத்து நின்றான். பழைய டிராக்டரிலிருந்து வால்நட் மரத்தை நோக்கிப் பாதி வழி என்பதே அவன் மனத்தில் பொறித்த குறி. டிராக்டரை வசந்தத்திலேயே டெல்ஃபாவின் தம்பி கார்லிஸ் இழுத்துச் சென்று பழைய இரும்புக்குப் போட்டிருந்தான். அன்று வெண்டெலே கயிறு பிடித்து உதவியிருந்தான்.

வேறு வழியின்றி மைத்துனனிடம் சென்றான்.

"ஒரு அணில் துப்பாக்கி குடு கார்லிஸ். பூசணிக் கொடியில கிரவுண்ட்ஹாக் வாய் வச்சிருச்சு. ரெண்டு நாளுதான்."

கார்லிஸ் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டுத் திரும்பினான். "மச்சான், எங்கிட்ட இருந்தது ஒன்னு. அத வாங்கிட்டுப் போனது நீ. பக்கத்து வீட்டு ஹோபர்ட்கிட்ட இருந்தத வாங்கினதும் நீ. இந்தப் பள்ளத்தாக்குல ஒரு வீட்லயும் விட்டு வைக்கல. அந்த மிருகம் ஏன் இப்படிப் பெருகிக் கெடக்குன்னு நெனைக்கிற?"

கார்லிஸ் சுவரில் மாட்டியிருந்ததைக் காட்டினான்.

"மான் சுடுற பெரிய துப்பாக்கி இருக்கு. வேணும்னா எடுத்துக்க. ஆனா அதுல சுட்டா மிருகம் பக்கம், பூசணி பக்கம்னு பாக்காது. மொத்தமா சூப்புதான்."

இரவலாகக் கிடைத்தது கார்லிஸே தூக்கிக்கொண்டு வந்த உலோகங்காணும் கருவி மட்டுமே. அது கொல்லையில் வைத்த இடமெல்லாம் வீறிட்டது; தோண்டிய இடமெல்லாம் ஆணியும் மூடியும் கிடைத்தன.

"எந்தப் படுபாவி இங்க ஆணியக் கொட்டினான்?" என்றான் கார்லிஸ்.

"பகைவனக் கொழப்பறதுக்கு."

"நல்லாத்தான் கொழம்பியிருக்கான்."

சிரித்து முடித்த கார்லிஸ், டிராக்டர் எண்ணெய் ஒழுகிப் புல் முளைக்காத கரிய திட்டொன்றைக் கண்டுபிடித்தான். டெல்ஃபாவும் சேர்ந்துகொள்ள, அங்கிருந்து வால்நட் மரத்தை நோக்கி மூவரும் நடந்தனர். பாதி வழியில் நடை நின்றது. எதிரே பூசணி வீற்றிருந்தது.

டெல்ஃபா மெல்லச் சொன்னாள்: "நான் இங்க ஒரு கொத்துகூடக் கொத்தல வெண்டெல். மண்ணு பஞ்சு மாதிரி இருந்துச்சு. கர்த்தரே கெளறி வச்ச எடம்னு ஜெபம் பண்ணித்தான் வெத போட்டேன்."

பூசணியைக் காக்கத் துப்பாக்கி வேண்டும். துப்பாக்கியை எடுக்கப் பூசணியின் வேரை அறுக்க வேண்டும். வெண்டெல் மண்வெட்டியைப் பார்த்தான். மனைவியின் முகத்தைப் பார்த்தான். மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

மறுநாள் விடியலிலிருந்து மடக்கு நாற்காலியும் வாணலியும் கரண்டியுமாய்க் கொடியருகே அமர்ந்தான். வாணலியோசைக்கு அந்த விலங்கு ஒரே நாளில் பழகிவிட்டது. கைசோர்ந்த வெண்டெல், மன ஆறுதலுக்காகப் பாமாலைப் பாடலொன்றைத் தொடங்கினான். அவன் குரலின் பெருமை ஊரறிந்தது. பாடகர் குழுவில் அவனை வாயசைக்க மட்டுமே போதகர் அனுமதித்திருந்தார். முதல் அடி முடியுமுன் விலங்கு காதை மடக்கிக்கொண்டு வளைக்குள் பாய்ந்தது. அதன்பின் அவன் நிறுத்தவேயில்லை. மீட்பரின் அருளையும் யோர்தானின் அக்கரையையும் சீயோனின் பொன்வாயில்களையும் பாடிப் பாடி அவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. டெல்ஃபா தேனும் வெந்நீரும் கொண்டுவந்தாள்.

"நல்லாவா இருக்கு?" என்று கரகரத்தான்.

"கேவலமா இருக்கு. நிறுத்திடாத."

கண்காட்சி நாளான சனிக்கிழமை அறுவர் சேர்ந்து பூசணியை வண்டியேற்றினர். நிறுக்கும் தட்டில் அது அமர்ந்தபோது வெர்பினாவின் கை எவரையும் தட்டவில்லை. நீலப்பட்டை டெல்ஃபாவின் மார்பில் ஏறியது.

அன்று மாலையே குழி தோண்டப்பட்டது. குழாயைத் திறந்ததும் ஊரார் வரிசையாக நின்றனர். கொடுக்க வெண்டெலுக்கு மனமில்லை. ஆயினும் நெருக்கடியில் வீட்டுக்கு ஒன்று என்று சொன்னவன் அவனே. தந்தையுடையதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அவரவர் கையில் கொடுத்தான்.

கார்லிஸ் தன்னுடையதைத் துடைத்துப் பார்த்தான். "ஒரு துரு இல்ல மச்சான். எங்க வீட்ல இருந்தா இவ்ளோ நல்லா இருந்திருக்காது."

வெற்றுக் குழியை மூட வெண்டெல் மண்ணைத் தள்ளத் தொடங்கினான். டெல்ஃபா வந்து மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்குள்ள மூடாத. வர்ற வருஷத்துக்கு இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டு."

"எதுக்கு? உள்ள வைக்கத்தான் ஒன்னுமில்லையே."

அவள் நீலப்பட்டையை நீவிக்கொண்டே, கிளறிய மண்ணை ஒரு பிடி அள்ளிப் பஞ்சாய் உதிர்த்துப் பார்த்தாள்.

"மலையடிவாரத்துல யாரோ ரெண்டு துப்பாக்கி மலிவா விக்கிறாங்களாம். போய்ப் பாத்துட்டு வாயேன்."