படியில் விழவில்லை

அண்ணன் கதவைத் தட்டவில்லை, உதைத்தான். இரவு டியூட்டி முடிந்து வந்து நான் படுத்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. காலை பத்து மணிக்கு இப்படி உதைக்கிறவன் எனக்கு ஒரே ஒருத்தன்தான், கூடப் பிறந்தவன். திறந்துவிட்டு வந்து மறுபடி கட்டிலில் உட்கார்ந்தேன்.

மனதுக்குள் அவனுக்கு நான் வைத்திருக்கும் பெயர் ரெட்டிப்பு. எதில் பணம் போட்டாலும் ஆறு மாதத்தில் ரெட்டிப்பு என்பான். அப்பா விட்டுப்போன வீடு, அண்ணியின் நகை எல்லாம் அந்த வழியாகத்தான் போயின.

"நாலு நாளுக்குள்ள பணம் கட்டணும், இல்லன்னா நிலம் கைவிட்டுப் போயிடும். ஃபண்டுல இருக்கறத இப்பவே மொத்தமா எடு."

"முடியாது."

"ஆறே மாசம். ரெட்டிப்பா தர்றேன்."

சிரித்துவிட்டேன். அதுதான் தப்பு. கன்னத்தில் விழுந்த அறையில் காது அடைத்துக்கொண்டது.

நான் ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். பதினாறு வருடமாக, மாதம் ஐந்தாம் தேதி, சம்பளத்திலிருந்து ஒரு தொகை நேராக மியூச்சுவல் ஃபண்டுக்குப் போய்விடும். சந்தை சரிந்தபோதெல்லாம் கூட வேலை பார்த்தவர்கள் பதறிப்போய் எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை. கீழே விழுந்த மனிதர்களைத் தூக்கவே நேரம் சரியாக இருந்தது, சந்தையை யார் பார்த்தார்கள்? தூக்கித் தூக்கி முதுகில் இரண்டு டிஸ்க் போய்விட்டது. இன்னும் நான்கு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டால் அந்தப் பணமே என் மாதச் செலவைத் தாங்கும், வேலையை விட்டுவிடலாம். அது போனால் இந்த முதுகை வைத்துக்கொண்டு நான் பிழைக்க வழியில்லை.

தலையணைக்கு அடியிலிருந்த போனை அவன் எடுத்துக்கொண்டான். முடியைப் பிடித்து என் முகத்தைக் கட்டில் சட்டத்தில் மோதினான். இரண்டாவது மோதலில் உதடு கிழிந்தது. குப்புறத் தள்ளி, முழங்காலைச் சரியாக அந்த டிஸ்க்கின் மேல் ஊன்றினான். அலறினேன். வலது கையை இழுத்துக் கட்டைவிரலை போனில் அழுத்தினான்.

பொருந்தவில்லை என்றது போன். என் சட்டையில் விரலைத் துடைத்து மறுபடி அழுத்தினான். மறுபடியும் பொருந்தவில்லை.

ஒரு நாளைக்கு அறுபது தடவை கழுவி, ஸ்பிரிட் தடவி, கையுறை மாட்டிக் கழற்றி எங்கள் விரல்களில் ரேகை தேய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரி வருகைப்பதிவு மெஷினே எங்களை மதிக்காது, கார்டைத்தான் காட்டுவோம். போனுக்கும் நம்பர்தான். அது என் தலைக்குள் இருந்தது.

"நடிக்கிறியாடி?" கட்டைவிரலைப் பின்பக்கம் வளைத்தான். "நம்பரச் சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. ஆயிரம் எலும்பு முறிவு பார்த்தவள் நான், ஒடியும்போது கேட்டது அன்றுதான்.

வலியை முந்திக்கொண்டு கோபம் வந்தது. போதையில் கை ஓங்குகிறவர்களை வாரத்துக்கு இரண்டு பேரையாவது மடக்கிப் போடுவது எங்கள் வேலையில் சேர்த்தி. உடம்பைத் திருப்பி, இடது கையால் அவன் மணிக்கட்டை முறுக்கி, தரையில் ஊன்றியிருந்த அவன் காலில் முழங்காலுக்குப் பின்னால் ஒரு உதை விட்டேன். விழுந்தவனின் நெற்றி கட்டில் முனையில் பிளந்தது. விலாவில் மேலும் இரண்டு உதை கொடுத்தேன். முதலாவது கட்டைவிரலுக்கு. பொய் சொல்லக் கூடாது, இரண்டாவது இனித்தது.

ரத்தம் தரையெல்லாம் ஓடியது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். துண்டை எடுத்து அவன் நெற்றியில் அழுத்தினேன். "கைய எடுக்காம பிடிச்சுக்கோ" என்று சொல்லி, ஒரே ஆட்டோவில் அவனையும் கூட்டிக்கொண்டு என் ஆஸ்பத்திரிக்கே போனேன்.

பதிவு மேஜையில் என் ஜூனியர் இருந்தாள். "அக்கா! என்னக்கா ஆச்சு?"

அண்ணன் முந்திக்கொண்டான். "படியில விழுந்துட்டோம், சிஸ்டர்."

"ரெண்டு பேருமா?"

அவள் பேனா நின்றது. படியில் விழுந்தார் என்று நானே எத்தனை பெண்களுக்கு எழுதியிருக்கிறேன்! இந்த ஊரில் அத்தனை படிக்கட்டே கிடையாது.

அண்ணன் என் காதருகே குனிந்தான். "கூடப் பொறந்தவன போலீஸுக்கு அனுப்புவியா? சத்தியமா இனிமே அந்தப் பணத்தக் கேக்க மாட்டேன்."

மனசு இளகத்தான் செய்தது. நான் நர்ஸ் படிப்பில் சேர்ந்தபோது முதல் வருடம் பணம் கட்டியவன் அவன். ஆனால் நான்கு வருடத்தில் அந்தப் பணம் இன்னும் வளரும். அதைத் தேடிக்கொண்டு இவனும் வருவான். அன்றைக்கு என் முதுகு இன்று திரும்பியதுபோல் திரும்பாது.

"எழுதிக்கோ" என்றேன். "பணத்துக்காக அண்ணன் வெரல ஒடைச்சான். அவன் மண்டைய நான் ஒடைச்சேன், அதையும் எழுது."

அண்ணன் அழ ஆரம்பித்தான். எனக்கும் அடக்க முடியவில்லை.

வலது கையில் கட்டு இருந்ததால், ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய் வந்த போலீஸ்காரர் புகாரில் கைநாட்டு வைக்க மை டப்பாவை நீட்டினார். இடது கட்டைவிரலைப் பதித்தேன். கோடே இல்லாத ஒரு நீலக் கறை விழுந்தது.

"ரேகையே இல்லையேம்மா, இது செல்லாதே."

"பேனாவக் குடுங்க."

இடது கையால், கோணல்மாணலாக, என் பெயரை முழுதாக எழுதிக் கொடுத்தேன்.