மூன்றாவது கையின் கைநாட்டு

அன்று அறுவை அரங்கில் இருந்தவர்கள்: அறுவை மருத்துவர், மயக்க மருந்து டாக்டர், இரண்டு நர்ஸ்கள், தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் இருபத்தாறு வயதுப் பெண், அவளுடைய மூன்றாவது கை. கையைத் தனியாகக் குறிப்பிடக் காரணம், அது தனியாகச் சம்மதம் கொடுத்து வந்திருந்தது.

இடது தோளுக்குக் கீழே, முதுகிலிருந்து பிறவியிலேயே முளைத்த கை. ஐந்து விரலும் ஒழுங்காக இருந்தன. வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் திரும்பிப் பார்க்காமலே அது கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும். அண்ணன் அதை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவான். கேரம் பலகைக்கு அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்தால் அவனுக்குத் தோல்விதான்.

கை வளர வளர முதுகெலும்பு அந்தப் பக்கம் சாய்ந்தது. இந்த வருடம் படுத்தால் மூச்சு வரவில்லை. வெட்டாவிட்டால் அடுத்த வருடம் நின்றாலும் வராது என்றார் மருத்துவர்.

வெட்டவேண்டிய கையில் அவரே ஊதா மையால் குறி போட்டார். மறுநாள் காலை குறி அவளுடைய வலது மணிக்கட்டில் இருந்தது. அறுவை தள்ளிப்போனது. இரண்டாம் முறை நர்ஸின் முழங்கையில் இருந்தது. மூன்றாம் முறை எங்கேயும் இல்லை. மருத்துவர் கை கழுவும்போது தன் மணிக்கட்டில் அதைக் கண்டார். பேனா அதற்கு எப்படிக் கிடைத்தது என்று யாரும் விசாரிக்கவில்லை.

"அதுகிட்ட யாருமே கேக்கலையே" என்றார் படிவங்களைச் சரிபார்க்கும் குமாஸ்தா. "சம்மதம் இல்லாம நான் யாரையும் உள்ள விடுறதில்ல."

படிவத்தைக் கொடுத்தார்கள். கை அதை மதியம் முழுக்க விரலால் தடவிக்கொண்டிருந்தது. அம்மா நாற்காலியை முதுகுப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவளால மூச்சு விட முடியல கண்ணு. உன்னச் சுமக்க அவளுக்குத் தெம்பு இல்ல."

"அத ஏம்மா மிரட்டுற" என்றாள் மகள், சுவரைப் பார்த்தபடி.

"உள்ளதத்தானே சொல்றேன்."

கை மடங்கி, விலா மேல் உள்ளங்கையை வைத்தது. நாலைந்து மூச்சு வரை பொறுத்திருந்தது. பிறகு மைப்பெட்டியில் கட்டைவிரலை ஒற்றி, கட்டத்துக்குள் சரியாக வைத்தது.

"இத்தன வருஷம் தபால் ஆபீஸ் போயும் கைநாட்டுதானா மாப்பிள்ள" என்றான் அண்ணன்.

மருத்துவர் குறி போட வந்தபோது கை மணிக்கட்டைத் திருப்பிக் காட்டியது.

அறுவை ஐந்து மணி நேரம் நடந்தது. ஆறாவது வாரம் அவள் நிமிர்ந்து நடந்து வீட்டுக்கு வந்தாள். இரண்டு கையிலும் பைகள் இருந்தன. கதவைச் சாத்த அண்ணன் எழுந்தான்.

"நீ உக்காரு" என்றாள்.

அவன் உட்கார்ந்தான். அவள் உள்ளே வந்தாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது, தாழ்ப்பாள் விழுந்தது.