கன்னத்துச் சிவப்பு

மூன்று வருஷமாகப் பொரா கஷாயம் குடித்துவந்தாள். கொரியாவின் ஜெச்சொன் நகரத்து மூலிகைக் கடைத்தெருவில் மா வைத்தியரம்மா காய்ச்சிப் பொட்டலங்களில் அடைத்துத் தருவார். சினைப்பையில் முட்டைகள் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவளுக்கு முப்பத்தைந்து வயது. மாமியார் ஓக்பூன்தான் கையைப் பிடித்து இங்கே கூட்டிவந்தாள்.

அக்டோபரில், மாதவிலக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கர்ப்பமில்லை என்பது பொராவுக்குத் தெரியும். வைத்தியரம்மா இரண்டு மணிக்கட்டிலும் நெடுநேரம் நாடி பார்த்தார். ஆஸ்பத்திரியின் புது ரத்தப் பரிசோதனைத் தாளையும் படித்தார்.

"உனக்குத் தீட்டு நிக்கிற காலம் சீக்கிரமே வந்துடுச்சும்மா. இனிமே குழந்தைக்குன்னு நான் மருந்து கொடுத்தா உன்னை ஏமாத்துறதா ஆயிடும்."

"வேற ஏதாச்சும் காய்ச்சிக் கொடுங்க. வீட்டுல கஷாய வாசனை வரணும். அத்தை நம்பிக்கிட்டு இருக்காங்க."

வைத்தியரம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தார். "தூக்கத்துக்கும் படபடப்புக்கும் தர்றேன். அது உனக்கு வேணும். அத்தைகிட்ட சொல்றது உன் பாடு."

அவள் சொல்லவில்லை. புருஷன் சாங்ஹ்யொக்கிடம் மட்டும் சொன்னாள். "இப்போதைக்கு அம்மாவுக்குத் தெரிய வேணாம்," என்று அவன் டிவி பக்கம் திரும்பிக்கொண்டான்.

நவம்பர் கடைசியில் குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாய் போட அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர் வந்தார்கள். முட்டைக்கோசு இதழ்களுக்கிடையே மிளகாய் விழுதைத் தடவிக்கொண்டிருந்தபோது பொராவுக்குக் கழுத்திலிருந்து நெற்றிவரை குப்பென்று சூடு ஏறியது. ஓக்பூன் கவனித்துவிட்டாள்.

"பாத்தீங்களாடி இவ கன்னத்தை? இந்தக் குளிர்ல வேர்க்குது. மாசக்கணக்கா குளிக்கவும் இல்ல. சாங்ஹ்யொக்கைச் சுமந்தப்ப நானும் இப்படித்தான் இருந்தேன்."

"மெதுவாச் சொல்லுக்கா, கோசு காதுல விழுந்துடப் போகுது," என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

இன்னொருத்தி பொரா தூக்கப்போன கோசுத் தொட்டியை வாங்கிக்கொண்டாள். "நீ எதையும் தூக்காத, தாயே." யாரோ அடியில் மெத்தை போட்டார்கள். புதுக் கிம்ச்சியோடு தின்ன வேகவைத்திருந்த பன்றியிறைச்சியில் நல்ல துண்டாகப் பார்த்து அவள் வாயில் ஊட்டினார்கள். அவளால் விழுங்க முடியவில்லை. அதையும் மசக்கை என்றார்கள்.

அவர்கள் போனதும், தொட்டி கழுவிக்கொண்டிருந்த மாமியாரின் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

"அத்தை, அது கர்ப்பமில்ல. எனக்கு நின்னே போச்சு."

குழாய்த் தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"ஆறு வாரமா."

"அவனுக்கு?"

"தெரியும்."

"அப்ப இந்த வீட்டுல நான் மட்டும்தான் பைத்தியக்காரி." ஓக்பூன் குரலை உயர்த்தவில்லை. ரப்பர் கையுறையைக் கழற்றாமலே குழாயை மூடினாள்.

மறுநாள் காலை அந்த நாலு வீட்டுக்கும் அவளே போய்விட்டு வந்தாள். என்ன சொன்னாள் என்று பொரா கேட்கவில்லை. வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பொரா அரிசிக் கஞ்சி வைத்துத் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்தாள். கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மாமியார் திரும்பவில்லை. கஞ்சி ஆறி ஏடு கட்டியது.