மூன்று மில்லிமீட்டர்

"சிலிண்டர் அகலம் என்ன வருது?" என்று கேட்டார் கலீலுர் ரஹ்மான்.

"நூத்தி முப்பத்தஞ்சு மில்லி, பாய். எல்லா சிலிண்டர்லயும் அதே."

"நூத்தி முப்பத்தெட்டுல்ல இருக்கணும்?"

"இருக்கணும். இல்ல." தேவகனி அளவுமானியை வெளியே எடுத்து, துணியால் துடைத்து வைத்தாள்.

ஷார்ஜா தொழிற்பேட்டையில் கலீலுர் ரஹ்மான் நடத்தும் பட்டறைக்குக் கப்பல் டீசல் இன்ஜின்கள்தான் வரும். விமான இன்ஜின் வந்தது அதுதான் முதல் தடவை. யஹ்யா என்ற உள்ளூர் எமிராத்தி ஒருவர் சொந்தமாக ஓர் அருங்காட்சியகம் கட்டிக்கொண்டிருந்தார். ஐரோப்பிய வியாபாரி ஒருவன் அவருக்கு அந்த இன்ஜினை விற்றிருந்தான். இத்தாலியின் ஃபியட் ஏ.எஸ்.5, 1929-ல் கடல்விமானப் பந்தயத்துக்கென்றே செய்த இன்ஜின், உலகத்தில் கிடைக்காத பொருள் என்று சொல்லி விற்றிருந்தான். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி பூட்டுவது பட்டறையின் வேலை. திறப்பு விழாவில் அதன் பக்கத்தில் நின்று விருந்தாளிகளுக்கு விளக்கிச் சொல்வது தேவகனியின் வேலை.

தேவகனி மணப்பாட்டுக்காரி, மெக்கானிக்கல் இன்ஜினியர். கத்தாரில் ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் கம்ப்ரசர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள், கணவன் செல்வசிங்குக்கு துபாயில் கப்பல்களை இழுக்கும் டக் போட்டில் வேலை கிடைத்ததும் இந்தப் பக்கம் வந்தாள். விளக்கம் சொல்ல வேண்டும் என்றதும் அந்த இன்ஜினின் வம்சம் முழுவதையும் தேடிப் படித்திருந்தாள். ஏ.எஸ்.5-ஐப் பூட்டிய விமானம் சோதனையிலேயே விழுந்து நொறுங்கியது, பந்தயத்தில் ஓடவேயில்லை. ஆனால் அதே இன்ஜின்கள் இரண்டை முன்னும் பின்னுமாகச் சேர்த்து, இருபத்துநான்கு சிலிண்டரோடு ஏ.எஸ்.6 என்று ஒன்றைச் செய்தார்கள். 1934-ல் அது ஒரு கடல்விமானத்தை மணிக்கு எழுநூற்றொன்பது கிலோமீட்டரில் பறக்க வைத்தது. பிஸ்டன் இன்ஜின் வைத்த கடல்விமானம் எதுவும் இன்றுவரை அதைத் தாண்டவில்லை.

இப்போது மேசையில் கிடந்தது ஏ.எஸ்.5 அல்ல. அந்தப் பந்தய இன்ஜின்களுக்குப் பிறகு, போர்விமானங்களுக்காக ஆயிரக்கணக்கில் செய்த ஏ.30. பன்னிரண்டு சிலிண்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், எல்லாம் ஒன்றுதான். சிலிண்டரின் அகலத்தில்தான் மூன்று மில்லிமீட்டர் குறைவு.

"உள்ள லைனர் கீனர்னு இன்னொரு குழாய் போட்டிருப்பான்மா" என்றார் கலீலுர் ரஹ்மான்.

"போட்டிருந்தா விளிம்பு தெரியும். தேஞ்ச சிலிண்டர் பெருசாவும், சிறுசாவாது. அப்புறம் முன்னால பாருங்க, புரொப்பல்லருக்கு வேகம் குறைக்கிற கியர் இருக்கு. ரேஸ் இன்ஜினுக்கு அது கிடையாது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "வெளிய பளபளன்னு துடைச்சு வச்சா யாருக்குத் தெரியப் போவுது? நமக்கு அவரு பெரிய கஸ்டமர். நீ ஏ.எஸ்.5-ன்னே சொல்லிட்டு வா."

"சொல்ல மாட்டேன் பாய். வேற என்ன வேணாலும் சொல்லுங்க, செய்யுதேன்."

அன்று இரவு துபாய் அல் குசைஸ் வீட்டில் செல்வசிங் மீன் வறுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான். "வித்தவன் பொய் சொன்னான், வாங்குனவன் நம்புனான். ஊடால உனக்கு என்ன வந்துச்சு? உன் விசா பாய் கையில இருக்குல்லா?"

"என் வாயால அந்தப் பேரச் சொல்லச் சொல்லுதாங்கல்லா, அதான் எனக்கு வந்துச்சு."

"பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பாதி வருஷத்துல இருக்குட்டி."

"தெரியும்" என்றாள். அவன் வைத்த மீனைத் தொடவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துபோனாள். இரவெல்லாம் பயமாகத்தான் இருந்தது. பயத்தோடு கோபமும் இருந்ததால் மட்டும் அழுகை வரவில்லை.

விழாவுக்கு முன்பு யஹ்யா பட்டறைக்கு வந்தார். அதற்குள் செய்தி எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. கலீலுர் ரஹ்மான் முந்திக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "ஒன்றுமில்லை சார், அளவுமானி கோளாறு. இவள் தப்பாகப் பார்த்துவிட்டாள்."

தேவகனிக்குக் காது சிவந்தது. எதிரே நின்ற ஃபிட்டர் ஹஸ்னைனைப் பார்த்து இந்தியில், "பாய், உங்கள் அளவுமானியைக் கொடுங்கள்" என்றாள். லாகூர்க்காரரான ஹஸ்னைன் முதலாளியின் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்.

"தேவகனி, வேணாம்" என்றார் கலீலுர் ரஹ்மான் தமிழில்.

அவள் கேட்கவில்லை. முதல் தடவை அளவுமானி சரியாக உட்காரவில்லை. மறுபடி வைத்தாள். ஒவ்வொரு சிலிண்டராக அளந்து, ஒவ்வொன்றையும் யஹ்யாவே பார்க்கும்படி திருப்பிக் காட்டினாள்.

"எனக்கு விற்றவன் என்னிடம் பொய் சொன்னான் என்கிறாயா?" என்று கேட்டார் யஹ்யா.

"அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. இது ஏ.30. இதுவும் நல்ல இன்ஜின், நிஜமாகவே போருக்குப் போன வம்சம். அந்தப் பெயரில் வையுங்கள், நான் வந்து விளக்குகிறேன். வேறு பெயரில் வைத்தால் வர மாட்டேன்."

யஹ்யா கடைசி சிலிண்டரைத் தானே குனிந்து பார்த்தார். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார்.

"கலாஸ், எல்லாம் முடிஞ்சுது" என்றார் கலீலுர் ரஹ்மான். "நாளையில இருந்து நீ வர வேணாம்."

அவள் சாப்பாட்டு டப்பாவையும் பாதுகாப்புக் காலணியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். போன் செய்ததும் செல்வசிங் வண்டியோடு வந்து நின்றான். வீட்டு வாசலில், "வேற வேல பாப்போம்" என்றான்.

வேலை உடனே கிடைக்கவில்லை. இரண்டு இடத்தில் நேர்முகம் முடிந்து, பழைய முதலாளியிடம் விசாரித்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். "அளவு தப்பா எடுக்கிற ஆளுன்னு உன்னைப் பத்திச் சொல்லியிருக்காங்க" என்று மூன்றாவது இடத்தில் நேராகவே சொன்னார்கள். அவள் அங்கேயே உட்கார்ந்து, எதை வேண்டுமானாலும் கொண்டுவாருங்கள், உங்கள் முன்னால் அளக்கிறேன் என்றாள். ஒரு வால்வைக் கொண்டுவந்தார்கள். அந்த வேலை கிடைத்தது.

விசா மாறிய பிறகு ஒருநாள் கலீலுர் ரஹ்மான் போன் செய்தார். யஹ்யா திறப்பு விழாவில் அந்த இன்ஜினை வைக்கவில்லையாம். விற்றவன்மேல் வழக்குப் போட வக்கீலோடு பட்டறையில் வந்து உட்கார்ந்திருக்கிறாராம். அளந்தவளே வந்து சொல்ல வேண்டுமாம்.

"வாரேன். ஆனா முதல்ல நீங்க அவர்ட்ட ஒண்ணு சொல்லணும், பாய்."

"என்னது?"

"அளவுமானி கோளாறு இல்ல, தேவகனி தப்பாப் பாக்கலன்னு. இப்பவே சொல்லுங்க. எனக்குக் கேக்கணும்."

போனில் பட்டறைக் கம்ப்ரசர் ஓடும் சத்தம் வந்தது. அதற்கு நடுவே கலீலுர் ரஹ்மான் யஹ்யாவிடம் ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுத்தார்.

"சரியா கேக்கல" என்றாள் தேவகனி. "சத்தமா சொல்லுங்க."