மூன்றாம் அறையின் கோடு

குளிர்பதனக் கிடங்கில் யாரோ கதவைத் திறந்து போட்டதில் மருந்துப் பெட்டிகள் கெட்டுப்போன மறுநாள், அறைகளின் வெப்பநிலையை வரைபடமாகப் போடும் வேலை அவள் தலையில் விழுந்தது. மாலை வகுப்பில் நிரல் எழுதக் கற்கிறவள் அங்கே அவள் ஒருத்திதான்.

காலையிலேயே அத்தான் வந்து மேசையோரம் நின்றார். அக்காவின் கணவர், இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர், மூன்றாம் அறைக்குப் பொறுப்பாளர்.

"எண்ணை மாத்தச் சொல்லலம்மா. என் கோட்டை மட்டும் கொஞ்சம் அடக்கி வாசி. உங்க அக்கா முகத்துக்காக."

நிரலில் மற்ற அறைகளுக்கெல்லாம் கோட்டின் தடிமனை இரண்டு என்று கொடுத்தாள். மூன்றாம் அறைக்கு மட்டும் 0.3, நிறம் வெளிர்மஞ்சள். கணினித் திரையில் மூக்கை ஒட்டிப் பார்த்தால் தெரிந்தது. எண்ணை மாற்றவில்லையே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். சமாதானம் ஆகவில்லை.

கூட்டத்தில் வெள்ளைச் சுவரில் படம் விழுந்தபோது அந்தக் கோடு போன இடம் தெரியவில்லை. இரண்டாம் அறையின் சிவப்புக் கோடு மட்டும் கம்பளிப்பூச்சி மாதிரி தடித்து மேலே ஏறியது.

"கதவைத் திறந்து போட்டது யாருன்னு சுவரே சொல்லுதே," என்றார் மேலாளர்.

இரண்டாம் அறைக்காரியை எல்லோரும் சிரிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இன்று சிரிப்பு இல்லை.

"நான் சாத்திட்டுத்தான் சார் போனேன். மூணாவது அறை சூடானா நடுக்கதவு வழியா எனக்கும் வரும்."

"மூணாவது சூடானதா இதுல எங்கம்மா இருக்கு? நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்."

சிரிப்பக்கா அவள் பக்கம் திரும்பினாள். "நீயாவது நல்லாப் பாத்துச் சொல்லும்மா. படம் போட்டவ நீதானே?"

அவள் அத்தானைப் பார்த்தாள். அத்தான் கைப்பேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு நிமிஷம்," என்று அவள் கணினிப் பக்கம் குனிந்தாள்.

0.3 இருந்த இடத்தில் இரண்டு. வெளிர்மஞ்சள் இருந்த இடத்தில் கருநீலம். அவசரத்தில் ஒருமுறை பிழை வந்தது. திருத்தி மறுபடி ஓட்டினாள். சிவப்பு ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே ஏறிவிட்ட நீலக் கோடு ஒன்று சுவரில் வந்து நின்றது.

"இது எங்கேருந்து வந்துது?"

"முதல்லயே இருந்துது சார். நான்தான் தெரியாத மாதிரி போட்டேன்."

அத்தான் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார்.

சிரிப்பக்கா நன்றி சொல்லவில்லை. "சாயங்கால வகுப்புல இதைத்தான் சொல்லிக் குடுக்கறாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குள் படம் போட்டவளின் கைப்பேசி கணினிக்குப் பக்கத்தில் அதிர ஆரம்பித்தது. வீட்டிலிருந்து அவள் அக்கா. எடுக்கக் கை வரவில்லை.