சட்டையை மட்டும் கழுவினோம்

இறங்குதுறையில் திரியும் நாய் மகள் மேல் பாய்ந்துவிட்டது என்று றம்ஸியா சொன்னாள்.

"கடிச்சதா?" என்றேன்.

"இல்ல மச்சான். சட்டையிலதான் காலை வச்சது. ஈரக் காலு."

றம்ஸியா என் மனைவியின் தங்கை. மனைவி மௌத்தான பிறகு மகள் நப்லாவை அவள்தான் பார்க்கிறாள். முழங்கால்வரை நீண்ட அந்தச் சட்டையை ஏழு தரம் கழுவினாள், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரில். நாயின் ஈரம் பட்டால் எங்கள் வீடுகளில் அப்படித்தான்.

"நாயும் போச்சு, சட்டையில இருந்த பூவும் போச்சு" என்று பகிடி விட்டாள்.

நான் சிரிக்கவில்லை. அப்போதெல்லாம் எதுவும் எனக்குள் போய்ச் சேருவதில்லை.

சட்டைக்குள் இருந்த பிள்ளையை ஒருவரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை குளிக்கவார்க்கும்போது தொடையில் கண்டேன். நீளக் கீறல்கள். காய்ந்த இரத்தம்.

"இது என்ன?"

"முள்ளு."

"நப்லா."

"நாய் கீறினது. கடிக்கல்ல வாப்பா. நான் அழவும் இல்ல."

குழாயைத் திறந்து, காலை அதன் கீழே பிடித்துச் சோப்புப் போட்டேன். மறுபடி போட்டேன்.

"சோப்புக்கட்டி முழுக்கக் கரையப்போகுது மச்சான்" என்று சொல்லிக்கொண்டு வந்த றம்ஸியா காலைப் பார்த்தாள். "யா அல்லாஹ். சட்டையைத் தானே நான் பாத்தன்."

நப்லாவை ஏற்றிக்கொண்டு போய், ஆட்டோவை இறங்குதுறையில் நிறுத்தினேன். அந்த நாய் விசர் பிடிக்காமல் உயிரோடு நின்றால் போதும் என்றிருந்தது. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சின்னப்போடி அண்ணனைக் கேட்டேன்.

"செவலையோ? நேற்று முழுக்க வாயால வீணி வடிய, கண்டதையெல்லாம் கடிச்சுக்கொண்டு திரிஞ்சது. விடிய செத்துக் கிடந்தது. குழி வெட்டித் தாட்டுப்போட்டம்." ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். "பிள்ளையையோ கடிச்சது? ஏன் தம்பி நிண்டு கதைக்கிறீர்? ஓடும்!"

ஆஸ்பத்திரி அதேதான். மனைவியைக் கூட்டிக்கொண்டு போனதும் இந்த வாசலால்தான்.

"கோப்பித்தூள், மஞ்சள் ஏதும் அப்பினீங்களா?" என்று தாதி கேட்டார்.

"இல்ல. சோப்புத்தான்."

"நல்லது."

டொக்டர் கீறலைப் பார்த்தார். நாய் செத்ததைச் சொன்னேன். "கடிக்கேல்ல, கீறல்தானே" என்றும் சொன்னேன். பயமில்லை என்று சொல்வார் என்று நினைத்தேன்.

"நாய் தன்ர காலை நக்கும். வீணி நகத்தில இருக்கும். இரத்தம் வந்த கீறலும் கடி மாதிரித்தான். விசர்நாய் நோய் தொடங்கினா ஒண்டும் செய்ய ஏலாது. இன்னும் தொடங்கேல்ல. இப்பவே ஊசி போடுவம். சொல்ற நாளெல்லாம் திரும்பக் கொண்டு வரவேணும். ஒண்டையும் விடக்கூடாது."

நப்லா கதிரையின் காலைப் பிடித்துக்கொண்டாள். கையைக் கழற்ற முடியவில்லை.

"உம்மாக்கும் இங்கதான் ஊசி போட்டாங்க. அதான் முள்ளெண்டு சொன்னன்."

தாதி கையை நிறுத்தினார். நான் நப்லாவின் முன்னால் நிலத்தில் அமர்ந்து சொன்னேன்.

"உம்மாவுக்கு வந்தது வேற வருத்தம். அதுக்குச் சரியான மருந்து இருக்கேல்ல. இதுக்கு இருக்கு."

"பொய்யா வாப்பா?"

"இல்ல மகள்."

நப்லா கையை நீட்டினாள். ஊசியைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். முகத்தை அசையாமல் வைத்திருந்தேன்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"இன்னொண்டு இருக்கு. காயத்தைச் சுத்திப் போடுறது" என்றார் தாதி. "கொஞ்சம் நோகும்."

நப்லா என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.