பலகையின் வலது பக்கம்

பலகையின் வலது பக்கத்தில் எழுத்து சிறுத்திருப்பதை அவள்தான் முதலில் கவனித்தாள். அறுவை சிகிச்சைக் கூடத்துக்கு வெளியே இருந்த அந்தக் காத்திருப்பு அறையில் எல்லோரும் அண்ணாந்து அந்தப் பெரிய திரைப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவரவர் வரியைத் தவிர வேறெதையும் யாரும் பார்க்கவில்லை. இடது பக்க வரிகள் நல்ல பருமனாக, தூரத்திலிருந்தும் படிக்கும்படி இருந்தன. வலது பக்கத்து வரிகள் அலுவலகக் கணினியில் வருவதுபோல் பொடிப்பொடியாக இருந்தன. அப்பா உள்ளே மேஜையில் படுத்திருக்கும் நேரத்தில் இதைப் போய்ப் பார்க்கிறோமே என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது. ஆனாலும் கண் போய்விட்டது. அந்தப் பலகைக்கு நிரல் எழுதியவளே அவள்தான்.

நோயாளிகளின் பெயரைப் பொது இடத்தில் போடக்கூடாது, எண் கொடுத்தால் ஜனங்கள் மறந்துவிடுகிறார்கள் என்று மருத்துவமனை சொன்னதால், ஆளுக்கு ஒரு பறவை என்று முடிவானது. சேர்க்கும்போதே படம் போட்ட அட்டை ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அப்பாவுக்கு நாரை கிடைத்திருந்தது. அவர் ஒல்லியும் உயரமுமாக, காலே முக்கால் உடம்பாக இருக்கிறவர். அட்டையைப் பார்த்துவிட்டு, "ஆளைப் பாத்துதான் குடுத்திருக்காங்க" என்றார். தள்ளுவண்டியில் உள்ளே போகுமுன் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான். இப்போது இடது பக்கத்தில் 'நாரை - அறுவை சிகிச்சை நடக்கிறது' என்று இருந்தது. காலையிலிருந்து அப்படியேதான் இருந்தது. தம்பி இன்னும் ரயிலில் வந்துகொண்டிருந்தான்.

பக்கத்து நாற்காலியில் ஒரு தையல்கார அக்கா உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். உள்ளே இருப்பது அவருடைய கணவர், கிரேன் ஓட்டுகிறவர். அவருக்கு மீன்கொத்தி. வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே இருவரும் பழகிவிட்டிருந்தார்கள். "அந்த உயரத்துல ஏறி உக்காந்து ஆட்டம் காட்டுற மனுஷன், ஊசியைக் கண்டா பச்சப்புள்ள மாதிரி மூஞ்சியத் திருப்பிக்குவார். நேத்து ரத்தம் எடுக்க வந்த பொண்ணுகிட்ட, என் பொண்டாட்டிக்கும் ஊசி பிடிக்கத் தெரியும், அவளையே குத்தச் சொல்லுங்கன்றார்" என்று சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் பலகையில் எது மாறினாலும் சத்தமாக வாசித்துவிடுவார். யார் கேட்டார்கள், யாருக்கு வேண்டும் என்றெல்லாம் அவருக்கு இல்லை. "மைனா, வார்டுக்கு மாற்றப்பட்டார். அப்பாடா, மைனா தப்பிச்சுது" என்று அவர் சொன்னதும் அறையே கொஞ்சம் இளகியது.

"கண்ணாடியை மெஷின் மேலயே வச்சிட்டு வந்துட்டேன்மா. மீன்கொத்திக்கு என்ன போட்டிருக்குன்னு பாரேன். எழுத்து எறும்பு மாதிரி இருக்கு" என்றார் தையல்கார அக்கா.

மீன்கொத்தி வலது பக்கத்தில் இருந்தது. அவள் கண்ணை இடுக்கிப் படித்தாள். 'மீன்கொத்தி - அறுவை தொடர்கிறது - கூடுதல் இரத்தம் கேட்கப்பட்டுள்ளது.'

"ஆபரேஷன் நடக்குதுன்னு போட்டிருக்குக்கா" என்றாள். சொன்ன பிறகுதான் பாதியை விழுங்கிவிட்டது அவளுக்குப் புரிந்தது. அதற்குப் பிறகுதான் இன்னொன்றும் உறைத்தது. இந்த வாசகம் இங்கே வரவே கூடாது.

அந்தப் பலகையில் ஒவ்வொரு வரியும் ஒரே அச்சில் வார்த்த ஒரு நிரல் துண்டு. ஒரு முறை எழுதிவிட்டால் எந்தப் பக்கத்திலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். இதே துண்டுதான் செவிலியர் மேஜையிலும் ஓடுகிறது, மருத்துவர்களின் கைபேசியிலும் ஓடுகிறது. தான் எங்கே இருக்கிறோம், யார் தன்னைப் பார்க்கிறார்கள் என்று அந்தத் துண்டுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. எந்த மொழி, எவ்வளவு பெரிய எழுத்து, பார்ப்பவர் ஊழியரா உறவினரா என்பதையெல்லாம் செயலி முழுவதற்குமாக மேலே ஓரிடத்தில் எழுதி வைத்திருப்பார்கள். அந்த இடத்துக்குக் கீழே வேலி போட்டதுபோல் ஒரு சுற்று இருக்கும்; அதற்குள் இருக்கும் துண்டு தேவைப்படும்போது மேலே கேட்டுக்கொள்ளும். உறவினர் என்று பதில் வந்தால் பெரிய எழுத்தில் பொதுவான வார்த்தை. ஊழியர் என்று வந்தால் சின்ன எழுத்தில் உள்ளது உள்ளபடி. இரத்தம், மூச்சு, துடிப்பு எல்லாம். கடைசியில் வரக்கூடிய அந்த வார்த்தையும். உறவினர்களுக்கு மட்டும் அந்த வார்த்தைக்குப் பதிலாக 'மருத்துவரைச் சந்திக்கவும்' என்று வரும். அதற்கே ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பேசியிருந்தார்கள்.

துண்டு மேலே கேட்டு, பதில் சொல்ல அங்கே யாருமே இல்லாவிட்டால்? அதற்கும் ஏற்பாடு உண்டு. தன் கையிருப்பில் முன்கூட்டியே வைத்திருக்கும் பதிலை எடுத்துக்கொள்ளும். கையிருப்பில் எதை வைப்பது என்று கேள்வி வந்தபோது, ஊழியர் என்றே வைக்கலாம் என்று சொன்னவள் அவள்தான். "செவிலியர்கிட்ட இருந்து ஒரு தகவல் மறைஞ்சு போச்சுன்னா ஆள் உயிருக்கே ஆபத்து. சொந்தக்காரங்க கொஞ்சம் அதிகமாப் பாத்துட்டா என்ன ஆகிடப்போகுது?" என்று வாதாடினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த நேரத்தில் அது சரியான வாதமாகவும் இருந்தது.

"டீ ஏதாவது கிடைக்குதான்னு பாத்துட்டு வரேன். உனக்கும் வாங்கியாரேன், மூஞ்சியே வாடிக் கெடக்கு" என்று தையல்கார அக்கா எழுந்து போனார். அவர் கதவைத் தாண்டியதும் அவள் கைபேசியை எடுத்து அலுவலகத்துக்கு அழைத்தாள். எடுத்தது சுருட்டை. தலைமுடியால் வந்த பெயர். அவளுடைய குழுவில் இருக்கும் பையன், கெட்டிக்காரன்.

"சுருட்டை, வெயிட்டிங் ஹால் பலகையில என்ன மாத்துன?"

"காலையிலதான்க்கா ரெண்டு பத்தியாப் பிரிச்சேன். பாதிப் பேர் வரி கீழ போய் மறைஞ்சிடுதுன்னு ஆஸ்பத்திரில கேட்டுட்டே இருந்தாங்கல்ல. நீங்க லீவுல எதுக்குக்கா இதெல்லாம்? அப்பா எப்படி இருக்கார்?"

"வலது பத்தியை எங்க போட்டிருக்க? செட்டிங்ஸ் சுத்துக்கு உள்ளயா, வெளியவா?"

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"வெளிய இருக்குக்கா" என்றான். குரல் மாறிவிட்டிருந்தது. "என் மெஷின்ல பாக்குறப்ப நல்லாத்தான்... நான் ஊழியர் கணக்குல நுழைஞ்சிருந்தேன்கா. அதனால ரெண்டும் ஒண்ணு போலத் தெரிஞ்சிருச்சு."

"இப்பவே உள்ள தள்ளி சர்வர்ல ஏத்து."

அவள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முன் வரிசைப் பெரியவர் வாசிக்க ஆரம்பித்தார். "மீன்கொத்தி..." என்று வழக்கமான குரலில் தொடங்கினார். "மீன்கொத்தி, உயிரிழ..."

அங்கேயே நின்றுவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது. அறையில் இருந்த அத்தனை தலையும் ஒரே நேரத்தில் பலகையின் வலது பக்கம் திரும்பியதை அவள் பார்த்தாள். யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பொடி எழுத்துதான், ஆனால் இப்போது யாருக்கும் படிக்கச் சிரமமாக இல்லை.

எப்படி எழுந்தாள், யார் காலை மிதித்தாள் என்று தெரியவில்லை. சுவரோரம் போய்த் திரைக்குப் பின்னால் கையை விட்டு மின்கம்பியைப் பிடித்து இழுத்தாள். ஒரு முறையில் வரவில்லை. சுவரில் காலை ஊன்றி இழுத்தாள். திரை கறுத்தது. காவலர் ஓடிவந்தார்.

"ஏம்மா, என்ன பண்றீங்க? எல்லாரும் அதைத்தானே பாத்துட்டிருக்காங்க."

"இதைச் செஞ்சது நான்தாங்க. எங்க கம்பெனிதான். இதுல தப்பு இருக்கு" என்றாள். கம்பியைக் கையிலிருந்து விடவில்லை. அவர் அவளையும் பார்த்தார், அறையையும் பார்த்தார். யாரும் அவளுக்கு எதிராக ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சரி, நான் உள்ள சொல்லிட்டு வரேன்" என்று நகர்ந்தார்.

தப்பு இருக்கிறது என்று சொன்னவுடனே அவளுக்குள் ஒரு ஆசை முளைத்தது. கைபேசி இன்னும் இணைப்பில்தான் இருந்தது.

"சுருட்டை, அந்த வலது பக்கத் தகவலே பொய்யா இருக்கலாம்ல? சோதிச்சுப் பாக்க நாம எழுதி வச்ச பொய் வரி ஏதாவது வந்து ஒட்டிக்கிட்டிருக்குமா?"

"இல்லக்கா. தகவல் நேரா தியேட்டர்ல இருந்துதான் வருது, அதுல நான் கையே வைக்கல. காட்டுன விதம்தான் தப்பு. தகவல் சரிதான்" என்றான். பிறகு, "யாருக்குக்கா?" என்று கேட்டான். அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

தன் வாழ்நாளில் எத்தனையோ பிழைகளை அவள் பார்த்திருக்கிறாள். பிழை என்று தெரிந்துவிட்டால் நெஞ்சு லேசாகிவிடும். திருத்திவிட்டால் அது இல்லாமல் போய்விடும். இதையும் இந்நேரம் அவன் திருத்தியிருப்பான். கம்பியைத் திரும்பச் செருகினால் வலது பக்கம் பெரிய எழுத்தில் மரியாதையாக வந்து நிற்கும். மீன்கொத்திக்கு நேராக 'மருத்துவரைச் சந்திக்கவும்' என்று இருக்கும். உள்ளே நடந்ததில் ஒரு மயிரிழைகூட மாறியிருக்காது. அப்போதுதான் நாரையின் வரி நினைவுக்கு வந்தது. காலையிலிருந்து அவள் நம்பிக்கொண்டிருந்த 'அறுவை சிகிச்சை நடக்கிறது' என்ற அந்த வரிக்கு அடியில் எதெல்லாம் அடங்கும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த அறையில் யாரும் இல்லை. கூடுதல் இரத்தமும் அதில் அடங்கும். அதற்கு மேலும் அடங்கும். அவளே எழுதிய வார்த்தைதான் அவளுக்கும் ஆறுதலாக இருந்திருக்கிறது. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

தையல்கார அக்கா இரண்டு கைகளிலும் காகிதக் கோப்பையோடு, கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தார். "கீழ வரைக்கும் போய்ட்டேன்மா. சர்க்கரை ஒருத்தன் போட மாட்டேங்கறான், ஒருத்தன் கொட்டிடறான்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றார். பெரியவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன, டிவி செத்துப் போச்சா?" என்றார்.

பிறகு அவளிடம் திரும்பினார்.

"கடைசியா என்னம்மா போட்டிருந்துது? நீ பாத்தியா?"

பார்த்தேன் என்றால் என்ன என்று கேட்பார். பார்க்கவில்லை என்றால் வேறு யாரையாவது கேட்பார். பெரியவரைக் கேட்பார். அவள் வாயைத் திறந்தாள். கூட்ட அறையில் ஒரு மதியம் முழுக்க அலசி, அழுத்தமும் வேண்டாம் பொய்யும் வேண்டாம் என்று அவர்கள் பொறுக்கியெடுத்த அதே வார்த்தைகள்தான் நாக்கில் வந்து நின்றன. வேறு எதுவும் இல்லை.

"டாக்டரைப் பாக்கணும்க்கா" என்றாள். "வாங்க, நானும் வரேன்."

அந்த அக்கா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் கையில் தொங்கிய கம்பியைப் பார்த்தார். திரும்பவும் முகத்தைப் பார்த்தார்.

"டீ ஆறிடுமே" என்றார்.

"பரவால்லக்கா."

அவள் கம்பியைக் கீழே போட்டுவிட்டு ஒரு கோப்பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. இரண்டையும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு அறுவை சிகிச்சைக் கூடத்துக் கதவை நோக்கி நடக்க ஆரம்பித்தார். இரண்டு கோப்பையும் விளிம்பு வரை இருந்தன. ஒரு சொட்டுகூடச் சிந்திவிடக்கூடாது என்பதுபோல் அவற்றின் மேலேயே கண்ணை வைத்து, அடிமேல் அடி வைத்துப் போனார். நடைவழியில் நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சுவரோரம் ஒதுங்கி வழி விட்டார்கள்.